முதல் வாரத்துத் தீர்ப்பு

வாசகப் பெருமக்களின் கனிவான கவனத்திற்கு. மர்மத் தொடர்கதை படிப்பவர்கள், படித்து முடித்தவர்கள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி முனை மடக்கித் திருப்பித் தருகிறவர்கள் ஆகிய அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஒரு கதையின் முடிவை அதைப் படித்துக்கொண்டிருப்பவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது கொலையைவிடக் கொடிய குற்றமாகும். இந்த அறிவிப்பு மறுபடி வாசிக்கப்பட மாட்டாது.

பொறுப்போடுதான் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஐயா மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், கோடு போட்ட தாள்களும் பேனாவும் கொடுத்து, "உங்க பாணியிலேயே எழுதுங்க சார், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குக் காவலாக ஏட்டையாவை உட்கார வைத்துவிட்டுப் போனார். ஏட்டையாவின் மேசையில் எங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்த வாரப் பத்திரிகைக் கட்டு இருக்கிறது. அதை எண்ணி, கட்டி, முத்திரை வைக்க வேண்டியது அவர் வேலை. எண்ணத்தான் ஆரம்பித்தார். பிறகு ஒன்றைப் பிரித்தார்.

அந்தப் பத்திரிகைகளில் தொடர்கதை வரும் பக்கங்களைக் குண்டூசி குத்தி மூடி வைத்தவன் நான். ஏட்டையா இப்போது ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கி, காலியான டீ கிளாசில் போடுகிறார். அது 'டிங்' என்கிறது.

"ஏட்டையா, ஒரு சின்ன விண்ணப்பம். அந்தக் கதையோட முடிவு எனக்குத் தெரியாது. நீங்க படிங்க, தப்பில்ல. வாயை மட்டும் திறந்துடாதீங்க."

"நான் ஏன் சார் திறக்கிறேன்? நீங்க உங்க கதையை எழுதுங்க."

எல்லாம் முடிந்ததும் அந்தப் பக்கங்களுக்கு நகல் எடுத்து எனக்குக் கொடுக்க ஏற்பாடு செய்வதாக இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லியிருக்கிறார். உள்ளே நிறைய நேரம் இருக்குமாம். நான் கேட்டது அது ஒன்றைத்தான். வக்கீல்கூடக் கேட்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த குரல் என்னுடையதுதான். வருத்தமே இல்லாமல் 'வருந்துகிறோம்' என்று சொல்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். என் குரலில் ஒரு விசேஷம், அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வண்டி வராது என்று நான் சொன்னால், அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். பணியில் இருந்தவரை, கையில் கொடுத்த தாளில் உள்ளதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க ஓர் ஆயுள் ஆனது. அதைச் செலவழிக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

என் அண்ணன் ஓய்வுபெற்ற நீதிபதி. குடியிருப்பில் எல்லாருக்கும் 'ஜட்ஜ் ஐயா'. காபி ஆறிவிட்டது என்பதைக்கூட மூன்று காரணங்கள் காட்டி, எதிர்த்தரப்புக்கு வாய்ப்பளித்து, பிறகுதான் அறிவிப்பார். கழிப்பறைக்குப் போகும்போது சபை கலைவதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்திருப்பார். மற்றபடி நல்ல மனிதர். என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, வீட்டை விட்டு விரட்டியதில்லை. முடிவைச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வாரப் பத்திரிகை வரும். பெரியவன் படித்துவிட்டுச் சின்னவனிடம் தர வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். புதிய மர்மத்தொடர் தொடங்கும் வாரம், அண்ணன் முதல் பகுதியைப் படிப்பார், சிவப்புப் பென்சிலை எடுப்பார், ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போடுவார். பிறகு, "படிடா, நல்லாயிருக்கு" என்று என்னிடம் நீட்டுவார். வட்டத்துக்குள் இருப்பவன்தான் கொலைகாரன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. மற்றவர்கள் மேலெல்லாம் சந்தேகம் விழும், கைதாவார்கள், அழுவார்கள். நான் மட்டும் மாதக்கணக்கில் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் எல்லாரும் தொடர்கதை படித்தார்கள். நான் தீர்ப்பு நகல் படித்தேன்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "இவன் இந்தப் பரீட்சை தேற மாட்டான்" என்றார், தேறவில்லை. எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்ல பொண்ணுதான். ஆனா இவனோட நிலைக்க மாட்டா" என்றார். அவளும் அடுத்த வருடமே அம்மா வீட்டுக்குப் போனவள்தான். முடிவு தெரிந்த கதையில் கடைசிவரை உட்கார்ந்திருக்க அவளுக்கு என்ன தலையெழுத்து. ஓய்வு பெற்று, ரயில்வே குடியிருப்பைக் காலி செய்து, அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது, அவர் பத்திரிகையிலிருந்து நிமிராமலே சொன்னார்: "பின் ரூம்ல வச்சுக்கோ. நீ வருவேன்னு பத்து வருஷம் முன்னாடியே உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

அண்ணி அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் 'பாப்பா' என்று கூப்பிடும் அவர்களுடைய மகள் வேறு நாட்டில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது மாடியில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டிங்.

ஏட்டையா வேகமாகத்தான் படிக்கிறார்.

அண்ணனுக்குக் கண் போனது எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. அவர் கொடுத்த பத்திரிகையில் சிவப்பு வட்டம் பெயரைத் தவறவிட்டு, ஓரத்து வெற்றிடத்தில் விழுந்திருந்தது. ரொம்ப நாளாகவே மங்கி வந்திருக்கிறது. ஜட்ஜ் ஐயா அதை ஒத்துக்கொள்ளவில்லை. நான் வருத்தப்பட்டேன். வட்டத்துக்குள் யாரும் இல்லையே என்ற சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து. ஆனால் அதற்குள் அவர் வாயால் சொல்லிவிட்டார்.

சீக்கிரமே கண்கள் இரண்டும் இருண்டன. குளியலறையில் விழுந்ததில் இடுப்பும் போனது. பத்திரிகை முதல்முறையாக என் கைக்கு முதலில் வந்தது. அந்த மாதம்தான் 'நாலாவது சாவி' தொடங்கியது. 'இதயம் பலவீனமானவர்கள் படிக்க வேண்டாம்' என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். அதை எங்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கதை இதுதான். ஒரு பணக்கார அம்மாள் தன் பங்களாவில், பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறாள். அந்த அறைக்கு மூன்று சாவிகள். மூன்றும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அக்காள் மகன், டிரைவர், சமையல்காரி, குடும்ப வக்கீல் என்று நான்கு பேர்மேல் சந்தேகம். முதல் பகுதியை நான் அண்ணனுக்கு என் அறிவிப்புக் குரலில் வாசித்தேன். அவர் கட்டில் விளிம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வக்கீல்தான்."

"அண்ணா, இப்பதானே ஆரம்பிச்சிருக்கு."

"வக்கீல்தான்டா. ஆயுசு முழுக்க வக்கீலுங்களைப் பாத்தவன் நான். செத்த வீட்டுக்கு வந்ததும் அழறதுக்கு முன்னாடி கதவைப் பாக்கிறான் பாரு. எழுதி வச்சுக்கோ."

கண் இல்லாமலே வட்டம் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் நான் ஒழுங்காகத்தான் வாசித்தேன். அதற்கடுத்த வாரம், பக்கத்தில் என்ன அச்சாகியிருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கே முழுதாகத் தெரியாது. பாதி வாசிக்கும்போது அவர் மறுபடி, "வக்கீல்தானே?" என்று சிரித்தார். நான் நிறுத்தாமல், குரலை மாற்றாமல், இல்லாத ஒரு பத்தியைப் படித்தேன். வக்கீலின் கார் பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு ஏரிக்குள் விழுந்தது. நீர் வளையம் வளையமாக விரிந்து அடங்கியது. தொடரும் என்று போட்டு மூடிவிட்டேன்.

அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு, "அப்போ வக்கீல் இல்லையா?" என்றார்.

"தெரியலையேண்ணா. உங்களுக்கு யாருன்னு தோணுது?"

"தெரியலைடா" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். ஐயா, அந்த ருசியை உங்களுக்கு எப்படிச் சொல்வது. ஆயுள் முழுக்கத் தாமதத்துக்கு வருந்திக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு வண்டி சரியான நேரத்துக்கு வந்தது போல இருந்தது.

அன்றிலிருந்து உண்மையான கதையை நான் படிக்கவில்லை. படித்தால் முடிவு என் குரலில் கசிந்துவிடும். சாட்சிகள் எச்சில் விழுங்கும் சத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடித்த காது அவருடையது. அதனால் பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கங்களைக் குண்டூசியால் மூடிவிடுவேன். எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்ப் பம்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே, என் கதையை வாசிப்பேன். அண்ணன் காலம் முடிந்த பிறகு, எல்லா இதழ்களையும் வரிசையாக வைத்து, ஊசிகளைப் பிடுங்கி, முடிவு தெரியாத ஒரு கதையை வாழ்க்கையில் ஒரு தடவை நிம்மதியாகப் படிக்க வேண்டும் என்பதே என் திட்டம். ஆசை என்று பார்த்தால் மிகச் சிறியது.

டிங்.

என் கதை நன்றாகத்தான் போனது. அண்ணன் அக்காள் மகனைச் சொன்னால், கொலை நடந்த அன்று அவனை மருத்துவமனையில் படுக்க வைத்தேன். டிரைவரைச் சொன்னால், டிரைவருக்கு வலது கை விளங்காமல் செய்தேன். சமையல்காரியைச் சொன்ன வாரம் அவளையே கொன்றேன். ஒருநாள் அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, "இவன் நல்லா எழுதறான்டா. என்னாலயே கண்டுபிடிக்க முடியல பாரு" என்றார். என்னை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். யாரைப் பாராட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது என்பதால், அது உண்மையான பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சிக்கல், அவருடைய ஞாபகசக்தி. "ஏன்டா, டிரைவருக்கு விளங்காதது இடது கைன்னுதானே போன வாரம் வாசிச்சே?" என்பார். உண்மைதான், நான்தான் மறந்திருப்பேன். எழுத்தாளனாக இருந்தால் ஆசிரியர் திருத்துவார். எனக்கு யார் இருக்கிறார்கள். "இல்லண்ணா, வலதுன்னுதான் போட்டிருக்கு. நீங்கதான் மறந்துட்டீங்க" என்றேன்.

நான் சொன்ன குரல் உங்களுக்குத் தெரியும். வண்டிக்குள் இருந்தவர் பெட்டியோடு இறங்கிவிட்டார்.

அதன் பிறகு அவராகவேதான் கேட்க ஆரம்பித்தார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "நான் சாப்டுட்டேனா?" "மாத்திரை போட்டுட்டேனா?" "நேத்து பாப்பா போன் பண்ணாளா?" முதலில் உள்ளதைச் சொன்னேன். பிறகு, எது வசதியோ அதைச் சொன்னேன். வசதி என்றால் என் வசதி அல்ல, கதையின் வசதி. டிரைவரின் கை விஷயத்தில் தவறு செய்பவர் சாப்பாட்டு விஷயத்தில் சரியாக இருந்தால் நம்பும்படி இருக்காது. ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு குணம் கொடுத்தால் அதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

சுவர்க் கடிகாரம் மணிக்கு மணி அடித்துத் தொல்லை கொடுத்தது. அதை நிறுத்தினேன். ரேடியோ பேட்டரி தீர்ந்தது, வாங்க மறந்தேன். முன்னறை ஜன்னலுக்கு எதிரே பள்ளிக்கூடம். அதன் மணியை வைத்து அவர் நேரத்தைக் கணித்தார். "இப்பதான்டா ஸ்கூல் விட்டுது, நீ ராத்திரிங்கறியே?" "அது நேத்துண்ணா." இரண்டு நாள் இப்படி வாதாடிய பிறகு, காற்று நன்றாக வரும் என்று சொல்லி அவர் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். பின்னறை ஜன்னலுக்கு வெளியே கழிவுக் குழாய்கள் இறங்கும் ஓர் இடுக்கு. அங்கே காற்றும் வராது, காலமும் வராது. மாத்திரைப் புட்டிகளில் அடையாளத்துக்கு ரப்பர் வளையம் மாட்டி, தடவிப் பார்த்துத் தானே எடுத்துப் போடுவார். வளையங்கள் நைந்துபோயின என்று கழற்றிவிட்டேன். பிறகு என்னைக் கேட்டுத்தான் போட்டார்.

எனக்கு மட்டும் வெளிச்சமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். அவருக்கு எது காலை என்று சொன்னேனோ அதை நானும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நண்பகலில் பல் துலக்கச் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் நின்று கொப்பளிக்க வேண்டும். பால்காரர் வந்தால் வாசலில் கிசுகிசுக்க வேண்டும். அந்த வீட்டில் இரண்டு பேர் அடைபட்டிருந்தோம். கதவின் உள்தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

டிங். ஏட்டையா ஒரு பக்கத்தில் 'ச்சே' என்றார். காதைப் பொத்திக்கொண்டேன்.

கதை இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது.

"சித்தப்பா, அப்பாவோட கண் ரிப்போர்ட்டை இங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன். இடது கண் அவ்வளவுதானாம். வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணா எழுத்துப் படிக்கிற அளவுக்காவது வந்துடுமாம். ஆனா சீக்கிரம் பண்ணணும், விட்டா நரம்பு செத்துடுமாம். நான் வந்து அழைச்சிட்டுப் போறேன்."

அண்ணன் அந்தப் பின்னறைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, "டேய், கண்ணு வந்ததும் முதல் வேலை அந்தக் கதையை ஆரம்பத்துலேர்ந்து நானே படிக்கப்போறேன். பழைய இதழ் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேல்ல? என் சிவப்புப் பென்சில் எங்கடா?" என்றார்.

நான் எந்த முடிவுக்கும் அவசரப்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பென்சிலைத் தேடி எடுத்து, சீவிக்கூடக் கொடுத்தேன்.

அறுவைக்குச் சம்மதம் கொடுக்கும் தெளிவு நோயாளிக்கு இருக்கிறது என்று குடும்ப டாக்டர் சான்று தர வேண்டுமாம். டாக்டர் வந்தார். பெரிய மனிதர், கழுத்தில் தொங்கும் கருவியைக் கழற்றாமலே சாப்பிடவும் செய்வார் என்று நினைக்கிறேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"ஜட்ஜ் ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. இப்பதானே தம்பி கதை வாசிச்சான்."

அன்று திங்கள்.

"இப்ப காலையா, சாயங்காலமா?"

"விளக்கு வச்சாச்சே டாக்டர்."

முன்னறையிலிருந்து வந்த வெயில் டாக்டரின் ஷூ மேல் விழுந்துகொண்டிருந்தது.

"காலையில என்ன சாப்டீங்க?"

அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நாற்பது ஆண்டுகள் பிறரைக் கூண்டில் நிறுத்தியவர், "டேய், நான் என்னடா சாப்டேன்?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மூளைத் தேய்வு, மயக்க மருந்து தாங்காது, பயணம் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அவர் திறமையை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விகள் எல்லாம் சரியானவை.

அன்று மகள் போனில் அழுதாள். அண்ணன் அவளைச் சமாதானப்படுத்தினார். "வேண்டாம்மா. நான் வரலை. கண்ணு வந்து என்ன, எனக்கு என்மேலயே நம்பிக்கை போயிடுச்சு. உங்க சித்தப்பா இருக்கான், பாத்துக்கறான். அவன் இல்லேன்னா நான் கிழமை தெரியாம செத்திருப்பேன்."

அந்த வலது கண் அதன் பிறகு தானாகவே முடிந்தது. நான் அதைத் தொடக்கூட இல்லை.

அந்த வருடமே பத்திரிகையில் 'நாலாவது சாவி' முடிந்துவிட்டது. அட்டையில் 'கொலையாளி யார்? இந்த வாரம்' என்று பெரிதாகப் போட்டார்கள். அதையும் குண்டூசி குத்திப் பத்திரிகைக் கட்டோடு சேர்த்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அது முடியவில்லை. முடிக்க வேண்டுமானால் ஒருவனைக் கொலையாளி ஆக்க வேண்டும். அண்ணன் எல்லாரையும் ஒரு சுற்றுச் சொல்லி முடித்திருந்தார். யாரை ஆக்கினாலும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அதனால் புதிய ஆட்களைக் கொண்டு வந்தேன். ஒரு தபால்காரர், ஓர் இரட்டைச் சகோதரி, ஐந்தாவது சாவி, ஆறாவது சாவி. அந்தப் பங்களாவில் இருந்த கதவுகளைவிடச் சாவிகள் அதிகமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை வந்தால் விடிவதற்கு முன்பே எழுந்து, அடுத்த சாவிக்கு ஆள் தேட ஆரம்பிப்பேன். அண்ணனோ, "எனக்கு வெள்ளிக்கிழமை ஒண்ணுதான்டா மிச்சம். இதோட முடிவு தெரியாம நான் போக மாட்டேன்" என்றார். அவர் சொன்னால் நடக்கும். ஆகவே அவர் போக மாட்டார், கதை முடியாது, நான் ஊசிகளைப் பிடுங்க முடியாது. என்னை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

டிங்.

போன வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். உண்மையிலேயே வெள்ளி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் கணக்கில் இரவு. வாசித்து முடித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாதம் கேட்கும்போது கண்ணை மூடுவது நீதிமன்றத்திலிருந்தே அவருக்கு விட்டுப்போகாத பழக்கம். விரலால் கட்டில் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

"டேய், அந்த வக்கீல் பொணம் கிடைச்சுதா?"

"எந்த வக்கீல்ண்ணா?"

"ஏரியில கார் விழுந்துதே. கார் விழுந்ததைத்தான் வாசிச்சே. பொணத்தை எடுத்தாங்கன்னு நீ வாசிக்கவே இல்ல. எனக்கு எது மறந்தாலும் இது மறக்காது, இது தொழில். உடல் கிடைக்கலேன்னா சாவு நிரூபணம் ஆகல. அவன் சாகலடா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு அந்தப் பழைய சிரிப்பு. "வக்கீல்தான். நான் அன்னைக்கே சொன்னேன்ல."

அவர் சொன்னது சரி. உடலை எடுக்க நான் மறந்துவிட்டேன். அத்தனை வாரம், அத்தனை உழைப்பு. ஒரு மனிதனின் காலையை, மாலையை, பசியை, பெற்ற மகளின் போனை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்த பிறகும், அந்தத் தட்டு மட்டும் அவர் விரலில் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. சோர்வுதான் வந்தது.

சற்றுக் கழித்து அவர் கேட்டார்: "மாத்திரை போட்டேனா?"

போட்டிருந்தார். இதயத்துக்கான அந்த வெள்ளை மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்திருந்தேன்.

"இல்லண்ணா, இன்னும் போடல" என்றேன்.

போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைக் கொடுத்தது நான்தான் என்பதை மறுக்கவில்லை. "இன்னும் இல்லண்ணா" என்றேன். அன்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒரே குரலில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அதிகமானால் என்ன ஆகும் என்பது புட்டியிலேயே அச்சாகியிருந்தது. அதை நான் படித்திருந்தேன். அதற்கு மட்டும் முடிவு தெரிந்துதான் படித்தேன். கடைசியில் அவர் கேட்பதை நிறுத்தினார். வெளியே பள்ளிக்கூட மணி அடித்தது. பின்னறைக் கதவைத் திறந்து வைத்திருந்ததால் அவருக்கும் கேட்டிருக்கலாம்.

மகள் மறுநாள் வந்து இறங்கினாள். முன்பே பயணச்சீட்டு எடுத்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "சித்தப்பா, அப்பா நேத்து எத்தனை மாத்திரை போட்டார்?" என்றாள்.

"கேட்ட ஒவ்வொரு தடவையும்மா" என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே, என் அண்ணனின் மனத்தையும், அவருக்குத் திரும்பி வந்திருக்கக்கூடிய கண்ணையும், பிறகு உயிரையும் எடுத்தவன் நான்தான். யாரும் தூண்டவில்லை. சொத்துக்காக அல்ல, வீடு மகள் பெயரில் இருக்கிறது. ஒரே ஒரு கதையை, யாரும் முடிவைச் சொல்லாமல், நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. வாசகர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். அந்தக் கொலையாளி யாராக இருந்தாலும் வக்கீலாக மட்டும் இருக்க மாட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சரிபார்க்கத்தான் நகல் கேட்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்க ஏட்டையா பக்கம் திரும்பினேன். கிளாசில் ஊசிகள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. அவர் கடைசி இதழை மூடி, கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறித்தார்.

"வக்கீல்தான் சார்" என்றார்.